அஞ்சாவது வெடி

ராஜாமணிக்குத் தொண்டை கட்டி இன்னையோட மூணு நாளு. பேசினா கோணிப்பையைத் தரையில இழுக்கற மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். மெளகுக் கஷாயம் குடிச்சாச்சு, உப்புத்தண்ணி கொப்புளிச்சாச்சு. ஒண்ணும் கேக்கல.

ஊர்ல இருக்கறவங்களுக்குக் காரணம் தெரியுமாம். "மாமனாரை அதட்டி அதட்டியே தொண்டை போச்சு பாரு"ங்கறாங்க.

மூணு நாளைக்கு முன்னால அவ நாத்தனார் பெரியம்மாள் இண்டூர்ல இருந்து வந்து பஸ் எறங்கி, வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஒரு கத்தல் கேட்டா. "களி ஆறுது, வாங்க மாமா"ன்னு ராஜாமணி அடித்தொண்டையில கத்துனது. அன்னைக்குக் கத்துனதுதான் கடைசி. அதோட கொரல் போச்சு. ஆனா பெரியம்மாள் காதுல அது வசவாத்தான் விழுந்துச்சு. "எங்கப்பன் என்ன ஏரு மாடாடி, இப்பிடி வெரட்டறே?"ன்னு அவ கேட்டதுக்கு ராஜாமணி பதிலே சொல்லல.

சொல்ல முடியாது. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கா.

மாமனார் மாதையனுக்குக் காது சுத்தமாக் கேக்காது. மந்தம் கிந்தம் எல்லாம் இல்ல, சுத்தமா. பக்கத்துல பானையைப் போட்டு ஒடைச்சாலும் திரும்ப மாட்டாரு. இது தெரிஞ்ச ஒரே ஆளு ராஜாமணிதான். புருசன் அர்ச்சுனனுக்கே "அப்பனுக்கு வயசாச்சில்ல, கொஞ்சம் மந்தம்"ங்கற அளவுலதான் தெரியும்.

ஏன் மறைக்கணும்? மாதையன் மாட்டுத் தரகரு. மாரண்டஹள்ளி சுத்துவட்டாரத்துல எந்தச் சந்தையிலயும் அவர் கைபடாம ஒரு ஜோடி காளை கை மாறாது. சந்தையில வெலையை வாயால சொல்ல மாட்டாங்க. ரெண்டு பேர் கையையும் துண்டால மூடிக்கிட்டு, உள்ளார வெரலைப் புடிச்சுத்தான் பேரம். அதனாலதான் ரெண்டு வருஷமா அவரு தப்பிச்சுட்டு வர்றாரு. "செவிடன்னு தெரிஞ்சா அன்னைக்கே என்னை மூலையில ஒக்கார வெச்சுருவாங்க ஆத்தா. எவன்கிட்டயும் வாயத் தெறக்காதே"ன்னு வெளக்கு மேல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு.

அதுல இருந்து அவருக்குக் காது ராஜாமணிதான். சந்தைக்குத் தக்காளிக் கூடையைச் சாக்கு வெச்சுக் கூடவே போவா. யாராச்சும் பின்னால இருந்து கூப்பிட்டா, துண்டுக்குள்ள அவரு கையில ஒத்த வெரலைப் புடிப்பா. ரெண்டு வெரல்னா சாப்பாடு. மணிக்கட்டையே புடிச்சா, ஏன் எதுக்குன்னு கேக்காம எந்திரிச்சு கூட வரணும். வூட்டுக்குள்ளயும் அந்தப் பாஷைதான். அப்புறம் எதுக்குக் கத்தறதுன்னா, அது மாமனாருக்காக இல்ல. அக்கம்பக்கத்துக்காக. கத்தினா கெழவனுக்குக் கேக்குதுன்னு ஊரு நெனைக்கணுமே.

ஆக, யாருக்குமே கேக்கத் தேவையில்லாத கத்தலுக்குத்தான் அவ தொண்டை போச்சு.

இன்னைக்கு உச்சி நேரத்துல பெரியம்மாள் அப்பனோட வேட்டி சட்டையைப் பையில திணிச்சுக்கிட்டு இருந்தா.

"ஒரு மணி பஸ்ஸுக்கு எங்கப்பனைக் கூட்டிக்கிட்டுப் போறேன். இண்டூர்ல என்கூட நிம்மதியா இருக்கட்டும்."

அடுப்புல களி கிண்டிக்கிட்டு இருந்த ராஜாமணி நிமுந்தா. "வேண்டாம் அண்ணி"ன்னு சொன்னா. பாதிதான் வெளிய வந்துச்சு.

"ஏன் வேண்டாம்? திட்டறதுக்கு ஆளில்லாமப் போயிருமா?"

"அவருக்கு... அங்க பழக்கமில்லீங்க."

"பெத்த பொண்ணு வூடு பழக்கமில்லயாம்! நல்லாருக்கே ஞாயம். கொரலைப் பாரு, காக்கா கழுத்தைத் திருகுன மாதிரி."

இண்டூர்ல பெரியம்மாள் வூடு மெயின் ரோட்டு மேலயே. லாரி, பஸ்ஸு, மாட்டுவண்டின்னு விடாமப் போகும். அங்க அவரு தெருவுல எறங்கினா யாரு மணிக்கட்டைப் புடிப்பா? சொல்லலாமா? சொல்லிரலாமா? நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. வெளக்கு மேல அடிச்ச கையைப் பாத்தா. முழுங்கிட்டா.

அப்பத்தான் அர்ச்சுனன் வேர்த்து விறுவிறுத்து உள்ள வந்தான்.

"தீப்பெட்டி குடு சீக்கிரம். கிருஷ்ணப்பன்கிட்ட இருந்தது நமுத்துப் போச்சு."

அவங்க கெணத்துல வேலை நடக்குது. மூணு வருஷமா மழை இல்ல, கெணறு வத்திப் பாறை தெரியுது. கெணத்து வேலைக்காரரு கிருஷ்ணப்பனும் அவரு ஆளுங்களும் பத்து நாளாப் பாறையில குழி அடிச்சு, இன்னைக்கு வெடித்தோட்டா வெச்சிருக்காங்க. அஞ்சு குழி, அஞ்சு தோட்டா.

"ஆளு நடமாட்டம் இல்லாத நேரம், இப்பவே கொளுத்தறோம். பொம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் வராதீங்க. கல்லு பறக்கும்."

ராஜாமணி தீப்பெட்டியை நீட்டினா. விடல. "மாமா எங்க?"

"என்ன?"

"மாமா, மாமா."

"அப்பனா? கெடேரியைப் புங்க மரத்துல கட்டிட்டு ஒக்காந்திருந்தாரு. போயிருப்பாரு. நான்தான் சொல்லிட்டேனே, வெடி வெக்கறோம், கெளம்புன்னு."

புங்க மரம் கெணத்து மேட்டுலயே இருக்கு. முப்பது அடிகூட இருக்காது.

"எங்க நின்னு சொன்னீங்க?"

"இதென்னடி கேள்வி? வரப்புல நின்னு சொன்னேன். பீடி பத்த வெச்சுக்கிட்டே தலையாட்டினாரு."

தலையாட்டினாரா! மாதையன் எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு. வாய் அசையற ஆளைப் பாத்தா தலையாட்டிரணும், அதுதான் அவரு கத்து வெச்சிருக்கற தந்திரம். நாப்பது வருஷம் தரகு பண்ண தலை, பாக்கறவங்களுக்கு "சரிதான்"னு சொல்ற மாதிரியே ஆடும். "உங்க வூடு தீப்புடிச்சு எரியுது"ன்னாலும் அப்பிடியேதான் ஆடும்.

அர்ச்சுனன் தீப்பெட்டியைப் புடுங்கிக்கிட்டு ஓடிட்டான். ராஜாமணி கரண்டியைப் போட்டுட்டு ஒரு நிமிசம் அப்பிடியே நின்னா. போயிருப்பாரு. வெயில் ஏறிருச்சு, எந்திரிச்சுப் போயிருப்பாரு. வாசலுக்கு வந்து தெருவைப் பாத்தா. இல்ல. மாட்டுக்கொட்டாயில பாத்தா. இல்ல. கோயில் மேடையில பாத்தா. அங்கயும் இல்ல.

அவ்வளவுதான். முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு ஓடினா.

"எங்கடி ஓடறே? களி அடிப்புடிக்குது!"ன்னு பெரியம்மாள் பின்னாலயே வந்தா.

கேவுரு அறுத்த காடு. தட்டைங்க கால்ல குத்துது. செருப்பு எங்கயோ போச்சு. பாதிக்காடு தாண்டறப்பவே கேட்டுச்சு அந்தச் சத்தம்.

"வெடீ... வெடீ... வெடீயோய்!"

மூணு தரம் கூவினா திரி பத்தியாச்சுன்னு அர்த்தம். ஒரு வெத்தலை போட்டு மெல்லற நேரம்தான் அதுக்கப்புறம். காட்டுல இருந்த ஆளுங்கல்லாம் பாறைக்குப் பின்னால ஒண்டிக்கிட்டாங்க. கிருஷ்ணப்பன் செவப்புத் துணியை ஆட்டிக்கிட்டே ஓடி வந்தவரு அவளைப் பாத்துட்டாரு.

"ஏம்மா! நில்லும்மா! திரி எரியுது, பைத்தியமா ஒனக்கு?"

அவளால பதில் சொல்ல முடியல. கையை மட்டும் நீட்டினா. அங்க, இத்தினி நேரம் கல்லுக் குமி மறைச்சிருந்த புங்க மரத்தடியில, கெணத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, மாதையன் சம்மணம் போட்டு ஒக்காந்திருந்தாரு. கெடேரியோட கழுத்துல உண்ணி எடுத்துக்கிட்டு. உலகமே அமைதியா இருக்கறாப்பல.

"யோவ் பெரியவரே! வெடிய்யா! எந்திரிய்யா!" பாறைக்குப் பின்னால இருந்து நாலஞ்சு பேரு கத்தினாங்க.

கெடேரிகூடக் காதை நிமுத்துச்சு. அவரு நிமுரல.

"என்ன கொழுப்பு பாரு கெழவனுக்கு!"ன்னு எவனோ சொன்னது ராஜாமணி காதுல விழுந்துச்சு.

ஒரு கல்லை எடுத்து அவரு முன்னால விழற மாதிரி வீசலாமா? அவரு மண்டையில பட்டுட்டா? பொகை வாசம் வருது. கெணத்துக்குள்ள திரி சீறுற சத்தம் கேக்கற மாதிரியே இருக்கு, நெசமா, பயத்துல தோணுதான்னு தெரியல. பின்னால இருந்து தொட்டா அவரு தூக்கிவாரிப் போட்டு விழுவாரு, அதனால எப்பவும் முன்னால வந்துதான் தொடுவா. இன்னைக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது. பாஞ்சு போய் மணிக்கட்டைப் புடிச்சா.

மாதையன் திடுக்குனு திரும்பினாரு. அவ மூஞ்சியைப் பாத்தாரு. ஏன்னு கேக்கல. எந்திரிச்சாரு.

ரெண்டு எட்டு வெச்சவரு நின்னாரு. கெடேரி! கயித்தை அவுக்கத் திரும்பறாரு.

"ஐயோ மாமா!" கொரலே வரல. ரெண்டு கையாலயும் இழுத்தா. அவரு கெடேரியைப் பாக்கறாரு, இவளைப் பாக்கறாரு. இழுத்த இழுப்புல ரெண்டு பேரும் தடுமாறி, கெணத்துல இருந்து தோண்டிக் கொட்டின கல்லுக் குமிக்குப் பின்னால போய் விழுந்தாங்க. ராஜாமணி முட்டியில தோலு உரிஞ்சுது. அவரு தோள் துண்டை எடுத்து ரெண்டு பேரு கையையும் மூடினாரு. பழக்கம். பயம் வந்தா அவருக்கு அந்தத் துண்டு வேணும்.

பூமி எகிறுச்சு.

ராஜாமணி கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. மொத வெடிக்கே அவ காதுக்குள்ள கொய்யுன்னு ஆயிருச்சு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. மலைக்கரடு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எல்லாத்தையும் திருப்பித் திருப்பிச் சொல்லுது. எது வெடி, எது கரடோட சத்தம்னு அவளுக்குப் புரியல. கல்லு மழையாட்டம் விழுது. துண்டுக்குள்ள மட்டும் ஒண்ணு நடந்துச்சு. ஒவ்வொரு தரமும் அவரு அவ வெரலை ஒண்ணொண்ணா அழுத்தினாரு. சுண்டு வெரலு. மோதர வெரலு. நடு வெரலு. ஆள்காட்டி.

கட்ட வெரலைத் தொடல.

பொகை கொஞ்சம் அடங்குச்சு. பாறைக்குப் பின்னால இருந்து தலைங்க எட்டிப் பாத்துச்சு. கெடேரிக்கு ஒண்ணும் ஆகல, கயித்தை முறுக்கிக்கிட்டு நின்னு மொறைச்சுது.

"எத்தினி?"ன்னான் ஒருத்தன்.

"அஞ்சு!"

"அஞ்சேதான். கடைசி ரெண்டும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு"ன்னாரு கிருஷ்ணப்பன்.

அர்ச்சுனனுக்குக் காலு தரையில நிக்கல. மூணு வருஷத் தாகம். "ஊத்துக் கண்ணு தெறந்திருச்சான்னு பாக்கறேன்"னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கெணத்துப் படியைப் பாத்து நடந்தான்.

ராஜாமணி மாமனாரைத் திரும்பிப் பாத்தா. அவரு மறுபடியும் அவ கையைத் துண்டுக்குள்ள இழுத்து நாலு வெரலைச் சேத்துப் புடிச்சாரு. விட்டாரு. மறுபடியும் நாலு. மொகத்துல ரத்தம் இல்ல. மகன் கெணத்துப் பக்கம் போறதை அவரும் பாத்துட்டாரு. போ, போய்ச் சொல்லுங்கற மாதிரி அவளைத் தள்ளினாரு.

நாலுன்னா? அஞ்சு குழி அடிச்சதை அவரும் பாத்திருக்காரு. ஒரு தோட்டா வெடிக்கல. உள்ளயே இருக்கு.

"ஏங்க!" காத்துதான் வந்துச்சு. ஓடினா. அர்ச்சுனன் ரெண்டு படி எறங்கிட்டான். சட்டையைப் புடிச்சு இழுத்தா. "நாலு! நாலுதான்!"

"என்னடி முணுமுணுக்கறே? விடு சட்டையை, கிழியுது!"

"நாலு வெடிதான்!"

கிருஷ்ணப்பனுக்கு அது கேட்டுச்சு. "யாரும்மா சொன்னது நாலுன்னு?"

அவ மாமனாரைக் காட்டினா. ஆளுங்க சிரிச்சுட்டாங்க. "நல்லாச் சொன்னே போ! அவருக்கே காது மந்தம். அதுல ஒண்ணு தவறிப்போயிருக்கும்."

"பாத்தியா?"ன்னுட்டு அர்ச்சுனன் மூணாவது படியில கால் வெச்சான்.

ராஜாமணி சுத்திப் பாத்தா. எப்பிடி நம்ப வெக்கறது? ஒரே வழிதான் இருக்கு. அதைச் சொல்ல அவகிட்ட கொரல் இல்ல. மூச்சு வாங்கிக்கிட்டு நின்ன பெரியம்மாள்கிட்ட ஓடி, அவ காதுல வாயை வெச்சா.

"அண்ணி, மாமாவுக்குக் காது சுத்தமாக் கேக்காது. ரெண்டு வருஷமா. அதனாலதான் சொல்றேன். நம்ம காதை அந்தக் கரடு ஏமாத்தும், அவரை ஏமாத்தாது. தரை அதிர்றதை ஒடம்புல எண்ணினாரு. நாலுதான். கத்துங்க அண்ணி, நீங்க கத்துனாதான் உங்க தம்பி ஏறுவாரு."

பெரியம்மாள் அவளை வெறிச்சுப் பாத்தா. அந்த ஒரு நொடியில அவ மூஞ்சியில என்னென்னமோ வந்து போச்சு. களி ஆறுதுன்னு கேட்ட கத்தல், அப்பன் சும்மா சும்மா ஆட்டற தலை, எல்லாம். அப்புறம் வாயைத் தொறந்தா பாருங்க, அந்தக் கரடே திருப்பிச் சொல்லுச்சு.

"டேய் அர்ச்சுனா! நம்மப்பனுக்குக் காது சுத்தமாக் கேக்காதுடா! பொட்டுச் செவிடுடா! தரையில எண்ணியிருக்காருடா! ஏறி வாடா மேல!"

சிரிப்பு நின்னுச்சு. கிருஷ்ணப்பன் கரட்டைப் பாத்தாரு, கெணத்தைப் பாத்தாரு. அவரு மூஞ்சி சாம்பலாச்சு.

"கரட்டுச் சத்தம்... தேவுடா! ஏறு தம்பி! ஏறுங்கறேன்!" குனிஞ்சு அர்ச்சுனன் கையைப் புடிச்சுத் தூக்கினாரு. "எல்லாம் ஓடுங்க! பாறைக்குப் பின்னால!"

எல்லாரும் ஓடினாங்க. ஓடறப்ப ராஜாமணி ஒரு தரம் திரும்பினா. கல்லுக் குமிகிட்ட மாதையன் நின்னுக்கிட்டு இருந்தாரு. அத்தனை பேரும் அவரைப் பாத்தபடியே ஓடறாங்க. ஒருத்தன் தன் காதைத் தொட்டுக் காட்டி பக்கத்துல இருக்கறவன்கிட்ட என்னமோ சொல்றான். அவருக்கு எதுவும் கேக்கல. ஆனா எல்லாம் தெரிஞ்சுது. அவரு கண்ணு நேரா ராஜாமணியைத்தான் பாத்துச்சு.

அவ கையைக் காட்டி வாங்கன்னா. அவரு தலையாட்டினாரு. அர்ச்சுனன் அவளைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்.

பாறைக்குப் பின்னால அர்ச்சுனனுக்கு இன்னும் கோவம். "எதுக்குடி இந்தக் கூத்து? அப்பனை ஊரு முன்னால அசிங்கப்படுத்தி..."

முடிக்கல.

அஞ்சாவது வெடிச்சுது. அவன் நின்ன படிக்கல்லு ரெண்டாப் பொளந்து, பாறையைத் தாண்டி வந்து காட்டுல விழுந்துச்சு.

அர்ச்சுனன் அப்பிடியே தரையில ஒக்காந்துட்டான். தன் காலையே தொட்டுத் தொட்டுப் பாத்தான், இருக்குதான்னு பாக்கறாப்பல. பெரியம்மாள் ராஜாமணி கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. "ரெண்டு வருஷமா ஒருத்தியாவாடி?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. ராஜாமணிக்கு அப்பத்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு.

"பெரியவர் தெய்வம்யா"ன்னுட்டே கிருஷ்ணப்பன் எந்திரிச்சாரு. "எங்க அவரு? கால்ல விழணும் நானு."

கல்லுக் குமிகிட்ட யாரும் இல்ல. புங்க மரத்தடியில கெடேரி மட்டும் நிக்குது. ராஜாமணி ஓடினா. ஒரு கல்லு மேல, நாலா மடிச்சு, மேல காத்துல பறக்காம ஒரு சின்னக் கல்லும் வெச்சு, அவரு துண்டு இருந்துச்சு.

தூங்கறப்பக்கூட அந்தத் துண்டு அவரு தோள்லதான் கெடக்கும். அவ கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அது இல்லாம அவரைப் பாத்ததே இல்ல.

"அப்பா! அப்பாவ்!"ன்னு பெரியம்மாள் அந்தப் பெரிய கொரலை எடுத்துக் கூப்பிட்டா.

ராஜாமணி அவ வாயைப் பொத்தினா. "கூப்புட்டு ஆகாது அண்ணி. அவரு மூஞ்சிக்கு முன்னால போய் நிக்கணும். ஓடுங்க, நாலு பக்கமும் ஓடுங்க."

துண்டை அள்ளி மார்போட அணைச்சுக்கிட்டு எந்தப் பக்கம்னு பாத்தா. மேக்கால கரடு. வடக்கால ஏரி. கெழக்கால, புளியமரத்து வளைவுல, மாரண்டஹள்ளி ரோடு.

அந்தப் பக்கம் இருந்துதான் கேட்டுச்சு. ஒரு மணி பஸ்ஸோட ஹாரன். வளைவுல எப்பவும் ஒரு தரம்தான் அடிப்பான். இன்னைக்கு அடிச்சான், மறுபடியும் அடிச்சான், எவனோ ஒருத்தன் நடுரோட்டை விட்டு வெலகாத மாதிரி, கையை எடுக்காம அடிச்சுக்கிட்டே இருந்தான்.